அன்னூர் தாண்டி நின்ற வண்டி

குன்னூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். மழை விட்டதும் ஈரோடு வந்து குழந்தையைப் பார்க்கிறோம். இங்கே பத்து நாளாக வெயில் முகமே தெரியவில்லை. துவைத்த துணியை அடுப்படியில்தான் காயப் போடுகிறோம். என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

அப்புறம் உன் மாருதி ஜிப்ஸி ஜீப். 1985 கடைசியில் அந்த வண்டி வந்த புதிதில், கோவையில் ஒன்றைப் பார்த்துவிட்டு நாம் இருவரும் சைக்கிளில் அதன் பின்னாலேயே போனது ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வருஷம் கழித்து நீ ஒன்று வாங்கிவிட்டாய் என்பது எனக்கே வாங்கியது மாதிரி இருக்கிறது. அதனால்தான் நீ எழுதிய தொல்லையை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியது இதுதானே: மலை ஏறும்போது வண்டி நன்றாகவே ஏறியது, ஆனால் பெட்ரோல் நாற்றம் அடித்தது. குன்னூர் பங்க்கில் டேங்க் மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. கழுத்து வரை பெட்ரோல் நிரப்பினாய். ராத்திரி மழையோடு இறங்கினாய். மேட்டுப்பாளையம் கடந்து, அன்னூர் தாண்டியதும் இழுவை குறைந்து வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மெக்கானிக், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்.

பம்ப்பை மாற்றாதே. டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மளிகைக் கடையில் எண்ணெய் டின்னுக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டால் குளக் குளக்கென்று விட்டு விட்டு வரும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக ஒழுகும். டேங்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஆனால் பெட்ரோல் எண்ணெய் போலச் சும்மா கிடப்பதில்லை. சூட்டில் ஆவியாகி வெளியே தள்ளும், குளிர்ந்தால் சுருங்கி உள்ளே இழுக்கும். ஆகவே காற்றுவழி இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும்.

இதில் நம் மலை சேர்ந்துகொள்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். ஏறி வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அடைபட்ட டேங்குக்குள்ளோ கீழ்நாட்டுக் காற்று அப்படியே இருக்கிறது. அது பெட்ரோலை, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் பக்கம் தள்ளும். பம்ப்புக்கு அதில் கஷ்டமே இல்லை, அதனால் வண்டி நன்றாக ஏறியது. நாற்றமும் உஸ்ஸென்ற சத்தமும் அதனால்தான். நீ மூடியைத் திறந்து மூடியதும் உள்ளே குன்னூர்க் காற்று குடியேறியது. கீழே இறங்கினால் வெளி அழுத்தம் கூடுகிறது, உள்ளே கூடவில்லை. இப்போது டேங்க் உள்நோக்கி இழுக்க, பம்ப் அதை எதிர்த்து உறிஞ்ச வேண்டும்.

முழுக்க நிரப்பியது இன்னும் கெடுதல் செய்தது. உன் டேங்க் 40 லிட்டர். மேலே 4 லிட்டர் காற்றுதான் இருந்தது என்று வைத்துக்கொள். 4 லிட்டர் பெட்ரோல் செலவானதும் அதே காற்று 8 லிட்டர் இடத்தை நிரப்ப வேண்டும், அதன் அழுத்தம் பாதியாகிவிடும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும்தான், ஆனால் மழைக் குளிரில் அது மெதுவாகத்தான் எழும். அரை டேங்கில் இறங்கியிருந்தால் ஒருவேளை வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். அழுத்தம் குறைந்தால் பைப்பில் உள்ள பெட்ரோல் சீக்கிரம் கொதித்துக் குமிழியாகும், பம்ப் அந்தக் குமிழியைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கும். பத்து நிமிஷத்தில் ஆவி எழுந்து, மூடி ஓரமாகவும் துளிக் காற்று கசிந்து, மறுபடி கொஞ்ச தூரம் ஓடியது.

எனக்கு இது அனுபவப் பாடம். என் டீசல் ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, காற்றுவழி மூடியிலேயே. பழைய மூடி தொலைந்ததும் ஒரு கடையில் அச்சு அசலாக ஒன்று கொடுத்தார்கள், அதில் காற்றுத் துளை இல்லை. டீசலில் ஆவி இல்லை என்றே சொல்லலாம், ஈடுகட்ட ஒன்றும் கிடையாது. கோத்தகிரி ரோட்டில் சீட்டுக்கு அடியில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். நிறுத்தி மூடியைத் திருகினேன், முதலில் அசையவே இல்லை. பலமாகத் திருப்பியதும் காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே போனது. டேங்க் வாயில் வைத்த உள்ளங்கையைப் பிடித்து இழுத்தது. டேங்கின் தகடு உட்குழிந்து கிடந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் வித்தியாசம் என்றாலே, 60-க்கு 40 சென்டிமீட்டர் தகட்டின் மேல் 240 கிலோ உட்காருகிறது. அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அசந்து போனேன்.

உன் வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கின் மேலிருந்து கிளம்பும் மெல்லிய ஹோஸைப் பின்தொடர்ந்து பார். பெட்ரோல் ஊற்றும் குழாயோடு ஒட்டிப் போகும் சின்ன ஹோஸ் வேறு, அது நிரப்பும்போது காற்று வெளியேற மட்டும். நான் சொல்வது ஆவி போகும் ஹோஸ். வழியில் இரண்டு பக்கமும் திறக்கும் சின்ன வால்வு இருக்கும். அதைக் கழற்றி வாயால் ஊதாதே, சைக்கிள் பம்ப்பால் மெதுவாக இரு பக்கமும் ஊதிப் பார். இரண்டு பக்கமும் காற்று போக வேண்டும். ஹோஸ் நசுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்றும் தடவிப் பார். பக்கத்து எஸ்டேட் வண்டி ஒன்றில் ஹோஸ் முனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தபோது செம்மண் பொடியோடு காய்ந்த சிலந்திகள் கொட்டின.

மூடி வாங்கும்போதும் கவனம். காற்றுவழி மூடியில் இருந்தால் துளையுள்ள மூடி, ஹோஸில் இருந்தால் அதற்கென்று வந்த மூடி. மாற்றிப் போட்டால் ஒன்றில் டேங்க் நசுங்கும், மற்றொன்றில் ஆவி வண்டி முழுக்க நாறும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டு என்று யாராவது சொன்னால் கேட்காதே. நீ காட்டுப் பாதையில் சரிவாகப் போகிறவன், பெட்ரோல் சைலன்சர் பக்கம் சிந்திவிடும். ஹோஸ் முனையை டேங்குக்கு மேலே உயரமாகக் கட்டு. சுட்ட டேங்க் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உறிஞ்சும். முனை தாழ்ந்திருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் போகும். ஆக்ஸிலின் காற்றுவழியான பிரீதருக்கும் இதே விதி.

ஹோஸை எப்படியும் மாற்றிவிடு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதைத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கு.

அடுத்த முறை வரும்போது பர்லியாறு பழக்கடைகளில் நிறுத்து, மங்குஸ்தான் இருந்தால் எங்களுக்கும் ஒரு கிலோ வாங்கு. வண்டி கொஞ்சம் ஆறியதும், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. ஓரத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடி. அது அசையாமல் நின்றால் காற்றுவழி சரியாகிவிட்டது. வெளியே பறந்தாலும் உள்ளே ஒட்டினாலும் எனக்குப் போன் பண்ணு, ஹோஸும் கிளிப்பும் எடுத்துக்கொண்டு நானே இறங்கி வருகிறேன்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்லு.

உன்,
பழைய சைக்கிள் கூட்டாளி