அந்தப் பெட்டியை எடைக்குப் போடாதே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரமாக எழுதக் காரணம் நீ கடைசி வரியில் போட்ட குண்டு. கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, எடைக்குப் போடப்போகிறாயாமே?

போடாதே. கிழடு தட்டியிருப்பது கம்ப்யூட்டருக்கு இல்லை, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு. என் பெட்டி உன்னுடையதைவிட மூத்தது என்பது உனக்குத் தெரியும். போன மாதம் அதில் ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லுகளில் எழுதி வைக்கும் டிஸ்க்) மாட்டினேன். முன்பெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராக நிற்கிறது. ப்ராசஸர் அதேதான், மெமரியும் அதேதான்.

நம் வாத்தியார் இதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். "உன் மதர்போர்டு சாட்டா 2. நொடிக்கு 300 எம்பிக்கு மேல் தாங்காது. 550 எம்பி ஓடுவதை வாங்கி அதில் மாட்டுவானா ஒருத்தன்?" (சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி.) அவர் சொன்ன எண்கள் சரி. முடிவுதான் தப்பு.

கணக்கை நீயே போட்டுப் பார். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி செகண்ட். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு தடவைகூட அதால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதெல்லாம் அப்படிப்பட்ட துண்டுகளைத்தான், ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமே இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுக்கும். பெரிய சினிமாப் படத்தைக் காப்பி செய்யும்போதுதான் வாத்தியாரின் 300 குறுக்கே வரும். நீ தினமும் சினிமாவா காப்பி செய்கிறாய்? (செய்வாய். தெரியும்.)

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகையைக் கேள். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை வேண்டாம், பழைய பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டின் மென்பொருள்) பலவற்றுக்கு அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்யத் தெரியாது. பெட்டியில் 2.5 அங்குலத்துக்கான இடம் இல்லையே என்று பிராக்கெட் தேடி அலையாதே. நகரும் பாகம் இல்லாத சாமான், இருபக்க டேப் போட்டு ஒட்டினாலும் பேசாமல் கிடக்கும். பயாஸில் டிஸ்க் மோடு ஐடிஇ (டிஸ்க்கோடு பேசும் பழைய முறை) என்று இருந்தால் ஏஹெச்சிஐ (புதிய முறை) ஆக்குவது நல்லது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் விண்டோஸை அடுத்த தடவை சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் எழும் முறை) எழும்படி அமைத்துவிடு, இல்லாவிட்டால் நீலத் திரைதான். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் குளோன் வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதல் பூட்டைப் பண்ணு.

எஸ்எஸ்டியால் ஆகாததும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உன் ப்ராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள், அதைப் பற்றிச் சாவகாசமாகச் சண்டை போடலாம்.

இனி விளையாட்டில்லை, மாப்ளே. உன் டிஸ்க்கில் அப்பா பாடிய பதிவுகள் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை என்று நீயே ஒரு தடவை சொன்னாய். எதையும் கழற்றுவதற்கு முன்னால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, சி5 என்ற வரியைப் பார். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை அது. பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும் குளோன் வேலையைத் தொடாதே. ஓரத்திலிருந்து ஓரம்வரை படிக்கும் அந்த வேலையிலேயே சாகக் கிடக்கும் டிஸ்க் போய்விடலாம். முதலில் அப்பாவின் பதிவுகளை மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடு, பிறகு போட்டோக்கள், மற்றதெல்லாம் அப்புறம். சி5 பூஜ்யமாகவே இருந்தாலும் நகல் எடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். எஸ்எஸ்டி வந்துவிட்டது என்று நிம்மதியாகவும் இராதே. ஹார்ட் டிஸ்க்காவது பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டுச் சாகும், இது சொல்லாமல் கொள்ளாமல் போகும். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தால் அதில் எழுதி வைத்திருப்பதே அழியக்கூடும். அப்பாவின் குரலை இரண்டு இடத்திலாவது வை.

இன்று ராத்திரியே அந்த வரியைப் பார். பூஜ்யம் என்றால் நிதானமாகக் கடிதம் போடு. வேறு எண் என்றால் அப்பாவின் பதிவுகளை எடுத்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உடனே போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி.

உன்,
குட்டையன்