ஷூ பெட்டி காலியாகத்தான் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை படித்தேன். கார் குண்டுவெடிப்பு வழக்கில் சந்தேகத்துக்கு ஆளாகும் சான்செஸ் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறான். ஆகவே அமெரிக்கப் போலீஸ் கேப்டன் குவின்லன் குறுக்கு வழியில் போனாலும் சரியான ஆளைத்தான் பிடித்தார் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். படம் குவின்லனை அவ்வளவு லேசில் விடுவதில்லை.

சான்செஸின் வீட்டில் நடக்கும் விசாரணையை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நெருக்கடியான வீடு, நீண்ட நீண்ட ஷாட்கள், கேமராவை உரசிக்கொண்டு நடமாடும் ஆட்கள். மெக்சிகோ அதிகாரி வார்காஸ் குளியலறைக்குள் போனவர் ஒரு ஷூ பெட்டியைத் தட்டிவிடுகிறார். காலிப் பெட்டி. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பிறகு மனைவிக்கு போன் செய்ய, தெருவுக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போகிறார். கடைக்கார அம்மாவுக்குக் கண் தெரியாது (வெல்ஸின் குசும்பு!). கேமராவும் வார்காஸோடு வெளியே வந்துவிடுகிறது. அவர் திரும்பி வந்து பார்த்தால், அதே பெட்டியில் இரண்டு டைனமைட் குச்சிகள் ‘கிடைத்திருக்கின்றன’.

குச்சிகளை வைத்த கையை நமக்குக் காட்டுவதே இல்லை. பெட்டி காலியாக இருந்தது என்பது மட்டும்தான் வார்காஸுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கோர்ட்டில் அது ஒரு வெளிநாட்டு அதிகாரியின் வாய்ச்சொல், அவ்வளவுதான்.

கட்டுரை தொடாமலே விட்ட ஆள் சார்ஜென்ட் மென்ஸீஸ். குச்சிகளைக் கண்டெடுப்பவர் அவர். குவின்லனைத் தெய்வமாக நினைப்பவர், ஒரு பைசா வாங்காதவர். பழைய வழக்குக் கட்டுகளை வார்காஸ் பிரித்துக் காட்டும்போதுதான் சூட்சுமம் புரிகிறது. தடயம் வைப்பது குவின்லன், கண்டெடுப்பது மென்ஸீஸ். கண்டெடுத்தவர் மனசாரச் சத்தியம் செய்வார் என்பதால் குறுக்கு விசாரணையில் பிசிறு தட்டாது. இந்த ஏற்பாடு பல வருஷம் ஓடியதற்கு ஒரு நேர்மையான ஆள் கட்டாயம் வேண்டியிருந்தது. உள்ளூர் ரவுடித் தலைவன் கிராண்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற அறையில் குவின்லன் தன் கைத்தடியை மறந்து வைத்துவிட்டு வருகிறார். அதுவும் மென்ஸீஸ் கையில்தான் சிக்குகிறது. யாரும் கொண்டுவந்து வைக்காத தடயம் அது.

வார்காஸ் மட்டும் சுத்தமா? மென்ஸீஸின் உடம்பில் மைக்கைக் கட்டிவிட்டு, நண்பனை வைத்தே நண்பனின் வாயைக் கிளறுகிறார். ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே பதுங்கிப் பின்தொடர்கிறார். பாலத்தடியில் தன் குரலே எதிரொலிப்பதைக் கேட்டுத்தான் குவின்லன் உஷாராகிறார், மென்ஸீஸ் சாகிறார்.

சான்செஸின் வாக்குமூலத்துக்கு வருவோம். அவன் வாயால் நாம் அதைக் கேட்பதே இல்லை. போலீஸ் பிடியில் இருந்தவன் ஒப்புக்கொண்டான் என்று கடைசியில் இன்னொருவர் வந்து சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கட்டும். பழைய கட்டுகளில் இருக்கும் மற்றவர்கள் எல்லாரும் குற்றவாளிகள்தானா? படம் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொரு திருத்தம். கார் டிக்கியில் டைம்பாம் வைக்கும் முதல் ஷாட்டில் ஹென்றி மான்சினியின் இசையைக் கட்டுரையாளர் வெல்ஸின் மேதைமை என்கிறார். அந்த ஷாட்டின் மேல் இசையையும் டைட்டிலையும் போட்டது யுனிவர்சல் ஸ்டுடியோ. படத்தை வெல்ஸ் கையிலிருந்து பறித்து, ஹாரி கெல்லர் என்ற இன்னொரு இயக்குநரை வைத்துக் கூடுதல் காட்சிகளும் எடுத்துச் சேர்த்தார்கள். வெல்ஸ் 1957 டிசம்பரில் 58 பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தும் பெரும்பாலானவை எடுபடவில்லை. அவர் கேட்டது டைட்டில் இல்லாத ஷாட். கிளப் வாசல்களிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் மாறி மாறி வரும் பாட்டு. அப்படிச் செய்தால் கார் திரையை விட்டுப் போனாலும் ரேடியோ சத்தத்தை வைத்து வெடிகுண்டு எங்கே என்று காது கண்டுபிடித்துவிடும். 1998இல் எடிட்டர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பின்படி மறுபடி எடிட் செய்த பதிப்பு 111 நிமிடம். முதல் ஷாட்டில் பெயர்கள் ஓடினால் உங்கள் கையில் இருப்பது அதுவல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை