‘சரி’ என்றால் என்ன அர்த்தம்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குழுத் தலைவர் ஆனதற்கு மனம் நிறைந்த வாழ்த்து. 11 பேர், 6 தாய்மொழிகள், 23 வயதுப் பையன் முதல் ஓய்வை நெருங்கியவர் வரை என்று எழுதியிருந்தாய். “எல்லோரும் சரி சரி என்கிறார்கள், ஆனால் ஆளுக்கு ஒன்றைச் செய்து வருகிறார்கள்” என்ற வரியைப் படித்ததும் என் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நாலு வருஷம் இருக்கும். வேறு நாட்டிலிருந்து ஒரு பெண் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தார். ஓர் அறிக்கையைக் கொடுத்து, “முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள்” என்றேன். என் பழக்கத்தில் அது மரியாதையாகச் சொல்லும் கட்டளை. அவருக்கோ, முடிந்தால் என்றால் முடிந்தால்தான். வெள்ளிக்கிழமை வந்தது, அறிக்கை வரவில்லை. எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் பல மாதம் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. தப்பு என்னுடையது என்று எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவர் சொல்லாமல் விழுங்கிய யோசனைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் டெனெரீப் விமான விபத்தைப் பற்றி விரிவாகப் படித்தேன். 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒரு விமான நிலையம், கடும் மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் விமானத்தில் இருந்த துணை விமானி, “இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். விமானம் அப்போது ஓடத் தொடங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரோ, கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். ஒருவர் டச்சுக்காரர், மற்றவர் ஸ்பெயின்காரர். ஆங்கிலம் இருவருக்குமே இரவல் மொழி. பதிலாக முதலில் வந்த சொல் “ஓகே”. காத்திருங்கள் என்று அடுத்துச் சொன்னது, அதே நொடியில் பான் அமெரிக்கன் விமானமும் பேசியதால் இரைச்சலில் தெளிவாகக் கேட்கவில்லை. அந்த விமானம் ஓடுபாதையிலேயே இருந்தது. இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கே.எல்.எம். விமானத்துக்குள் இருந்த பொறியாளருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பான் அமெரிக்கன் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டிருக்கிறார். மூத்த கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னதும் அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. என் கூட்டங்களில் இப்படி எத்தனை பேர் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்!

விமானத் துறை அதிலிருந்து கற்றுக்கொண்டது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை இப்போது கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்கிறார்கள். முக்கியமான உத்தரவுக்கு வெறும் ஓகே போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். தயங்காமல் கேப்டனிடம் எடுத்துச் சொல்ல இளையவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள்.

அலுவலகத்தில் “திருப்பிச் சொல்லுங்கள்” என்றால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். அதனால் நான் “எதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்கிறேன். இரண்டே வாக்கியத்தில் தெரிந்துவிடும், நான் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று. “புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதே, அதற்கு யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். எதிர்மறையாகக் கேட்பதையும் தவிர்த்துவிடு. “ஃபைல் வரவில்லையா?” என்றால் தமிழில் ‘ஆமாம்’ என்பது வரவில்லை என்று அர்த்தம்; ஆங்கிலத்தில் அதையே சொல்ல ‘நோ’ வேண்டும். தேதியை 5/6 என்று எழுதாதே. அது சிலருக்கு ஜூன் 5, சிலருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுது.

கூட்டத்தில் பேசாமலே இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அவரை அக்கறை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதே. பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசுவது தப்பு என்று வளர்ந்தவராக இருக்கலாம். கூட்டத்தில் பேசும் மொழியில் வாக்கியம் அமைத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுவதாகவும் இருக்கலாம். இந்த நாட்டுக்காரர் இப்படித்தான் என்று பட்டியல் போட்டுச் சொல்லித்தரும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாம் இருவருமே ஒரே மாதிரி பேசுகிறவர்களா? அவரிடமே தனியாகக் கேள். என்ன பேசப் போகிறோம் என்பதை முந்தின நாளே எழுதி அனுப்பு. கூட்டத்தில் இளையவர்கள் முதலில் பேசட்டும், நீ கடைசியாகப் பேசு. தலைவர் கருத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் வேறு மாதிரி சொல்லத் துணிவதில்லை.

என் பக்கத்துச் செய்தி: மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். எனக்கு இடது காது மந்தமாகிவிட்டது, காது மெஷின் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. ஆரம்பத்தில் நானும் சும்மா தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் எல்லோரிடமும் சொன்னேன். இப்போது ஒருவர் பின் ஒருவராக, முகம் தெரியும்படி பேசுகிறார்கள். முடிவுகளை அன்றே எழுதி அனுப்புகிறார்கள். அதை முதலில் செய்ய ஆரம்பித்தது யார் தெரியுமா? நான் அன்று கத்தினேனே, அந்தப் பெண்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். வலது காதில் வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நிதானமாகப் பேசு.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்