நாள் – தோள் எதுகைதான், ரைம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில், ஆங்கிலக் கவிதை பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'நாள்–தோள், மலர்–புலர் போல ஓரசைச் சொற்கள் ஒலி ஒத்து வந்தால் அது ஓரசை ரைம்; நம் எதுகையைத்தான் ஆங்கிலேயர் அப்படிச் சொல்கிறார்கள்.' ஒரே வரியில் மூன்று பிழை. பக்கத்துக்கு இடநெருக்கடி என்று அடிக்கடி எழுதுகிறீர்கள், சிக்கனம் தெரிகிறது.

நாள்–தோள் எதுகைதான், மறுக்கவில்லை. இரண்டாம் எழுத்து இரண்டிலும் ள். முதலெழுத்து இரண்டும் நெடில். எதுகை அதற்கு மேல் கேட்பதில்லை. முதலெழுத்தில் ஆ இருக்கிறதா, ஓ இருக்கிறதா என்று பார்க்காது. குறிலா நெடிலா என்று மட்டும் பார்க்கும். ஆங்கில ரைம் அந்த உயிரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே நாள்–வாள் ரைம் ஆகும், தோள்–கோள் ஆகும், நாள்–தோள் ஆகாது. இடமும் வேறு. அடியெதுகை அடியின் தலையில் நிற்கும்: 'கற்க' என்று தொடங்கும் குறளின் இரண்டாம் அடி 'நிற்க' என்று தொடங்குகிறதே, அது. ஆங்கிலேயர் ஒத்திசைப்பது பெரும்பாலும் அடியின் கடைசியில். அதற்கு நம்மிடம் இயைபு என்று பெயரே இருக்கிறது. 'இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே' என்ற தொல்காப்பிய வரி தங்களுக்குத் தெரியாததல்ல.

மலர்–புலர் இன்னும் மோசம். 'மலர்' நம் கணக்கில் ஓரசை; ம, ல என்ற இரண்டு குறிலும் சேர்ந்து ஒரே நிரையசை. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடே நாள், மலர், காசு, பிறப்பு. ஆனால் ஆங்கிலேயர் 'சிலபிள்' என்பது ஓர் உயிரொலியைச் சுற்றிய துண்டு. அந்தக் கணக்கில் ம, லர் இரண்டு. நிரையசையையும் சிலபிளையும் ஒரே சொல்லால் 'அசை' என்று மொழிபெயர்த்ததன் வினை இது. மொழியியலார் செய்த வேலை, அது தனிச் சண்டை. மாணவர் பகுதியிலாவது ஒரு வார்த்தை சேர்த்து எச்சரித்திருக்கலாம்.

மூன்றாவது, 'ஓரசைச் சொற்கள்'. சொல் எத்தனை சிலபிள் என்பது இங்கே பேச்சே அல்ல. ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானெட்டில் (பதினான்கு அடிப் பாட்டு) 'ஷைன்ஸ்' என்பதோடு 'டிக்ளைன்ஸ்' இணைகிறது. பின்னது இரண்டு சிலபிள் சொல். ஆனாலும் ரைம் ஓரசைதான். பார்க்கும் முறை எளிது. அடியில் கடைசியாக அழுத்தி ஒலிக்கும் சிலபிளைக் கண்டுபிடியுங்கள். அதன் உயிரிலிருந்து அடி முடியும்வரை ஒலி மாறக் கூடாது. அந்த உயிருக்கு முன் நிற்கும் மெய் மாற வேண்டும். அழுத்தமான சிலபிளோடு அடி முடிந்துவிட்டால் ஓரசை ரைம். அதன் பின் அழுத்தமில்லாத ஒன்று தொங்கினால் ஈரசை: 20-ஆம் சானெட்டின் 'பெயின்டட் – அக்வெயின்டட்' போல. அந்தப் பாட்டின் பதினான்கு அடியும் இப்படித் தொங்குபவையே. முன் மெய் மாறாத 'லீவ் – பிலீவ்' போன்ற ஜோடியை ஆங்கிலக் காது சோம்பல் என்று தள்ளும். பிரெஞ்சுக்காரர் அதையே செழிப்பு என்பார்கள். ஊருக்கு ஊர் நியாயம்.

அதே கட்டுரையின்படி, ஓரசை ரைமுக்கு 'ஆண் ரைம்' என்ற பெயர் 'அதன் கம்பீரத்தால்' வந்ததாம். நல்ல கற்பனை. பிரெஞ்சில் பெண்பால் சொற்கள் பலவும் ஒலிக்காத ஒரு 'e'யில் முடியும். அதனால் அந்த முடிவு பெண், மற்றது ஆண். வெறும் இலக்கணக் குறி. 'லிபெர்தே' (சுதந்திரம்) பெண்பால் சொல், ஆனால் ஆண் ரைம் தரும். கம்பீரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

எடுத்துக்காட்டை எல்லாம் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிட்டதும் வினை. விலையும் 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்'. ஆங்கிலத்தில் கடைசி ஒலி வேறு, ரைம் ஆகாது. 'பேக்' என்றால் முதுகா, பையா? அதைவிடப் பெரிய தொல்லை நம் வாய். மெய்யில் முடிக்கப் பிடிக்காமல் ஓர் உகரத்தை ஒட்டி 'நைட்டு – லைட்டு' என்கிறோம். ஓரசை ரைம் அங்கேயே ஈரசையாகிவிடுகிறது. பிள்ளைக்கு வித்தியாசம் காதில் எப்படி விழும்? குழந்தைகளுக்கு மனப்பாடமான 'ட்விங்கிள்' பாட்டின் ஸ்டார்–ஆர், ஹை–ஸ்கை ஜோடிகளைத் தந்திருந்தாலே போதும். முதலடியை உகரம் ஒட்டாமல் ஒரு தடவை, 'ஸ்டாரு' என்று ஒரு தடவை சொல்லச் சொன்னால் பாடம் முடிந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். திரைப்பாடல் பத்தியில் வரிக்கடைசியில் வரும் ஒவ்வோர் இயைபையும் 'அருமையான எதுகை' என்று பாராட்டி வருகிறீர்கள். பொங்கல் மலரில் ஒரு நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் நிற்க வேண்டிய தனிச்சொல்லைப் பத்தி அகலம் போதவில்லை என்று அடுத்த அடிக்குத் தள்ளிவிட்டீர்கள். எதுகை அனாதையாகத் தொங்கியது. ஆங்கிலப் பாடல்களை அடி பிரிக்காமல் உரைநடைபோல் ஓட்டி அச்சிடுகிறீர்கள். அடி எங்கே முடிகிறது என்றே தெரியாதபோது ரைமை எங்கே தேடுவது? மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. வாசகர் கடிதத்துக்கும் இடநெருக்கடி போலும்.

இப்போது கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், முடிந்தால் அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம்: 'நாள்–தோள் என்பதை நாள்–வாள் என்று திருத்திக்கொள்ளவும். மலர்–புலர் நீக்கப்படுகிறது.' விளம்பரத்துக்கு நடுவே போட்டாலும் பரவாயில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்