பால் சுரக்க டீ வாங்கிய தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸப்பில் அனுப்பிய பாக்கெட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை இலை, சிரிக்கும் குழந்தை. பின்பக்கம் பொடி எழுத்தில் வெந்தயம், சோம்பு, தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம். “இப்பவே குடிக்க ஆரம்பிச்சா பிள்ளை பிறந்ததும் பால் நிறைய வருமாம், குடிக்கட்டுமா அக்கா?” என்று கேட்டிருந்தாய்.

வேண்டாம். ஏழாம் மாதத்தில், அதுவும் உனக்குச் சர்க்கரை இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஃபோனில் சொன்னால் “சரிக்கா சரிக்கா” என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்று இங்கேயே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பாலை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாது. சீம்பால் ஊறும் வேலையை மார்பு ஏறத்தாழ 16 வாரத்திலேயே தானாகத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை அதிலிருந்து வரும் புரோஜெஸ்ட்டிரோன் பாலை அடக்கியே வைத்திருக்கும். பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் வெளியே வந்து, அந்த ஹார்மோன் சரிந்த பிறகு இரண்டு மூன்று நாளில்தான் பால் கட்டும். அப்புறம் பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அதற்கேற்பச் சுரக்கும். இதில் ஏழாம் மாத டீ எங்கே வந்து நுழையும்?

நம் பாட்டிகளுக்கும் இது தெரிந்திருக்கிறது, பார். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், பால் சுறாப் புட்டு எல்லாம் பிள்ளை பெற்ற பிறகுதானே கொடுத்தார்கள்!

வெந்தயத்துக்கு வருகிறேன். தோசை மாவில் போடுவதையும் குழம்பில் தாளிப்பதையும் யாரும் தடுக்கவில்லை. மருந்தளவில் தினமும் குடிப்பது வேறு. அது கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்பதால் கர்ப்பிணிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரையையும் இறக்கும், நீ இன்சுலின் போடுகிறாய், இரண்டும் சேர்ந்து இறக்கினால் மயக்கம்தான். இன்னொரு விசித்திரம். வெந்தயம் அதிகம் எடுத்தால் வியர்வையிலும் சிறுநீரிலும் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை வரும். பிரசவத்தை ஒட்டி அம்மா எடுத்திருந்தால் பிள்ளையின் சிறுநீரிலும் வரும். பிறவியிலேயே வரும் ஓர் அரிய நோய்க்கும் அதே வாசனைதான் அடையாளம். பிறந்த பிள்ளைக்கு வீணாக ரத்தப் பரிசோதனை எதற்கு?

அதிமதுரத்தை மிட்டாயாகவே தின்னும் ஊர் ஃபின்லாந்து. அங்கேயே கர்ப்பிணிகள் அதை அதிகம் சாப்பிட வேண்டாம் என்று அரசு சொல்கிறது. அதிலுள்ள கிளிசரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அம்மாவின் உடலில் ஊறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிப் பிள்ளைக்குப் போகாமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது, அதையும் மந்தமாக்கும். சோம்பை மருந்தாகக் குடிப்பதும் கர்ப்பத்தில் வேண்டாம். சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை மெல்வாயே, அதைச் சொல்லவில்லை.

உன் பயம் எனக்குப் புரிகிறது. என் முதல் பிரசவத்தில், பிள்ளை பிறந்த அன்றே “பாலே இல்லையே” என்று வார்டில் ஒருவர் சொல்லிவிட்டார். சொன்னவர் போய்விட்டார், நான் இரவெல்லாம் அழுதேன். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது ஒரு டீஸ்பூன் அளவுதான், சொட்டுச் சொட்டாக வந்த சீம்பாலே அதற்குப் போதும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. பால் வந்தது மூன்றாம் நாள். அதற்குள் புட்டிப்பால் கொடுத்தாகிவிட்டது. பிள்ளையை மறுபடி மார்புக்குப் பழக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

இன்சுலின் போடும் அம்மாக்களுக்குப் பால் கட்ட ஒரு நாள் கூடுதலாகலாம். அதனால் உனக்கு வேறொரு வழி இருக்கிறது. 36 வாரத்துக்கு மேல், டாக்டர் சரி என்றால், சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சிறு சிரிஞ்சில் எடுத்து உறைய வைக்கலாம். ஆஸ்திரேலியாவில் சர்க்கரை உள்ள, வேறு சிக்கல் இல்லாத 600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் அந்தச் சொட்டுகள் உதவும். ஆனால் நீயாக ஆரம்பிக்காதே, கேட்டுவிட்டுச் செய்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த டீ பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொள். பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட உதவுவார்களா, ராத்திரியில் பிள்ளை உன் பக்கத்திலேயே இருக்குமா என்று அங்கே இப்போதே கேட்டு வை. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருகிறேன். பீய்ச்சும் விதத்தை அப்போது காட்டித் தருகிறேன், இப்போதைக்குப் பார்த்து மட்டும் வைத்துக்கொள்.

உன் அக்கா