ஆலயக் கூரை வேலைக்கு இன்னும் 7,15,000 ரூபாய் வேண்டும்: சபையாருக்கு ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டடக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

செப்டம்பர் 15-க்குள் மரக்கடை பாக்கியைத் தீர்த்தாக வேண்டும். கூரைத் தளம் போட்ட பின் சுண்ணாம்பு இறுகச் சில வாரம் மழை படாமல் இருக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எல்லாம் வீண். போன மழைக்காலத்தில் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் வாளி வைத்துத்தான் ஆராதனை நடத்தினோம்.

இது யார் கட்டிக்கொடுத்த கோயில் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நம் சபை ஸ்காட்லாந்து மிஷன் வழி வந்தது. அந்த மிஷன் 1837-ல் மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஐயர் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்து வளர்ந்தது. அந்தப் பள்ளிதான் பிற்பாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. ஆனால் நம் செங்கல்பட்டுச் சீமையில் பெரியவர்கள் மறக்காத பெயர் அதே மிஷனின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ ஐயர். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாமல் பண்ணையாட்களாய்க் கிடந்த நம் பாட்டன்மாருக்காக அவர் அரசாங்கத்தோடு ஓயாமல் வாதாடினார். நம் மக்களின் நிலைமையைப் பற்றிச் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையும், அதையொட்டி நிலம் ஒதுக்க 1892-ல் வந்த அரசாணையும் அந்தக் காலத்தவைதான். பட்டா கையில் வந்த பிறகும் பாட்டிமார் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தே கோயிலை நடத்தினார்கள். சபை 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையோடும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடும் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தது. மூப்பர்களைச் சபையே தேர்ந்தெடுப்பதும், காசுக்கணக்கை எல்லார் முன்பும் வாசிப்பதும் மூப்பர்களைக் கொண்டு சபையை நடத்திய ஸ்காட்லாந்து மிஷனின் பிரஸ்பிட்டேரியன் காலத்திலிருந்து நம்மோடு வருகிற பழக்கம்.

சரி, கணக்கைச் சொல்கிறோம். தேக்கு உத்திரமும் கட்டைகளும் 6,20,000. செங்கல், சுண்ணாம்பு, அதில் சேர்க்கும் கடுக்காய், வெல்லம் 4,10,000. ஆள்கூலி 5,60,000. சாரம், வயரிங் 2,50,000. மொத்தம் 18,40,000. வந்தது 11,25,000. கான்கிரீட் போட்டால் மலிவாக முடியுமே என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது ஒத்துவராது என்று எஞ்சினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சந்தேகமிருந்தால் வந்து பாருங்கள்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! முதியோர் பென்ஷனில் மாதம் நூறு ரூபாய் தவறாமல் கொடுக்கும் அம்மா, ஒரகடம் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து முதல் மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பிய பிள்ளை, குவைத்திலிருந்து மூன்று தவணையாகக் கொடுத்த குடும்பம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை இரண்டாயிரத்துக்கு எடுத்து மறுபடி ஏலத்துக்கே விட்ட அண்ணன். கோயிலுக்கு வராத பக்கத்துத் தெரு இந்துச் சகோதரர் ஒரு லோடு மணல் இறக்கிவிட்டுப் பெயர் வேண்டாம் என்று போனார். இவர்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

வருத்தத்தோடு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண மேடை அலங்காரத்துக்கு லட்சம் செலவு செய்த வீடுகளிலிருந்து ஐந்நூறு ரூபாய்கூட வரவில்லை. ஞானஸ்நானச் சர்டிபிகேட்டும் கல்லறையில் இடமும் வேண்டும் என்கிறபோது மட்டும் சபை நினைவுக்கு வருகிறது. தேவனுடைய வீடு பாழாய்க் கிடக்க நீங்கள் மச்சு வீட்டில் இருக்கலாமா என்று வேதத்தில் ஆகாய் தீர்க்கதரிசி கேட்டது நம்மைத்தான். யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் கொடுத்தவர், கொடுக்காதவர் இரண்டு பட்டியலும் கமிட்டியிடம் இருக்கிறது.

குடும்பத்துக்கு 5,000 என்பது எதிர்பார்ப்பு. முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், அல்லது சனிக்கிழமை சித்தாள் வேலைக்கு வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் ரசீது பெற்றுக்கொள்ளலாம். செக் தருபவர்கள் ஆலயக் கட்டட நிதி என்றே எழுதவும், தனியாள் பெயரில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலயக் கட்டடக் கமிட்டியார்