டிரெண்ட் ஃபாலோயிங் சொல்லித்தருகிறவர்களே, நடுவில் இருக்கும் ஆண்டுகளையும் காட்டுங்கள்

டிரெண்ட் ஃபாலோயிங் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அந்த முறையில் சிக்னலும் (எப்போது வாங்க, எப்போது விற்க என்ற அறிவிப்பு) சிஸ்டமும் (அதற்கான விதித்தொகுப்பு) விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

விலை ஏறும்போது ஏறும் பக்கமும் இறங்கும்போது இறங்கும் பக்கமும் நின்று, போக்கு திரும்பும்வரை அங்கேயே இருப்பதுதான் டிரெண்ட் ஃபாலோயிங். நான் இந்த முறையை நம்புகிறவன். இது வெறும் சூதாட்டம் என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. இதன் நீண்டகாலப் பலன் உண்மையானது. அந்தப் பலன் மாணவர்கள் கைக்குப் போய்ச்சேராமல் பாதியிலேயே அறுந்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். அதற்கு முக்கியக் காரணம் நீங்கள் சொல்லாமல் விடும் பகுதி.

அறிமுக வகுப்புகளில் இரண்டு ஆண்டுகள் தவறாமல் வருகின்றன: 2008, 2022. வரவேண்டியவைதான். 2008-இல் எஸ்&பி 500 என்ற அமெரிக்கப் பங்குக் குறியீடு, டிவிடெண்டைச் சேர்த்தும் 37% சரிந்தது. பெரிய டிரெண்ட் ஃபாலோயிங் நிதிகளின் வருமானத்தை அளக்கும், இன்று எஸ்ஜி டிரெண்ட் எனப்படும் குறியீடு அந்த ஆண்டு சுமார் 20% ஏறியது. 2022-இல் பங்குகளும் பத்திரங்களும் சேர்ந்தே விழுந்தன. அந்தக் குறியீடு சுமார் 27% கொடுத்தது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி வைத்திருந்த வட்டியை டிசம்பருக்குள் 4.25–4.50 சதவீதத்துக்கு ஏற்றிய ஆண்டு அது. பத்திர ஃபியூச்சர்ஸில் (பின்தேதி ஒப்பந்தங்கள்) ஷார்ட் (விலை இறங்கினால் லாபம்), யென்னில் ஷார்ட், டாலரில் லாங் (விலை ஏறினால் லாபம்) என்று இருந்தவர்கள் யாரும் முன்கூட்டிக் கணித்து அங்கே போகவில்லை. விலை போன பக்கம் போனார்கள், மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? 2009 நஷ்டம். 2010 நல்ல லாபம். 2011-உம் 2012-உம் நஷ்டம். 2013 சொற்ப லாபம். 2014-இல் கச்சா எண்ணெய் சரிந்து டாலர் ஏறியபோது சுமார் 20% லாபம். 2015 கிட்டத்தட்ட பூஜ்யம். 2016 நஷ்டம், 2017 சொற்பம், 2018 மறுபடியும் நஷ்டம். அதே பத்து ஆண்டுகளில் எஸ்&பி 500, டிவிடெண்டோடு பார்த்தால், ஒன்பது ஆண்டுகள் லாபத்தில் முடிந்தது. தன் விதிகளை ஒருநாள்கூட மீறாமல் உழைத்த ஒருவர், இண்டெக்ஸை வாங்கிப்போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தவரிடம் பத்தாண்டு தோற்றுக்கொண்டே இருந்திருப்பார். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜான் டபிள்யூ. ஹென்றியின் நிறுவனமே 2012 இறுதியோடு வாடிக்கையாளர் பணத்தை நிர்வகிப்பதை நிறுத்திக்கொண்டது.

2008-ஐப் பார்த்து உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் 2014 வரை தாக்குப்பிடித்திருப்பார்கள்? 2014-ஐப் பார்த்து வந்தவர்களில் எத்தனை பேர் 2022 வரை இருந்திருப்பார்கள்? நீண்டகால வருமானம் என்று நீங்கள் காட்டும் கோடு, நடுவில் எழுந்துபோகாதவருக்கு மட்டுமே கிடைத்த வருமானம். எழுந்துபோகத் தூண்டுவது எது என்று சொல்லிக்கொடுக்காமல் அந்தக் கோட்டை மட்டும் காட்டுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

கணக்காகவே பார்ப்போம். இந்த முறையில் பத்து ட்ரேடில் நாலுகூட வெல்லாமல் இருப்பது சாதாரணம். வெற்றி விகிதம் 38% என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ட்ரேடுகளுக்குள் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து எட்டு நஷ்டம் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80%. தொடர்ந்து பத்து நஷ்டம் வருவதற்கான வாய்ப்பும் பாதிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். சிஸ்டம் கெட்டுப்போனதால் வருவதல்ல இது. சரியாக ஓடும் சிஸ்டத்திலேயே வருவது. இதை முன்னரே அறிந்த மாணவர் ஒன்பதாவது நஷ்டத்துக்குப் பிறகு பத்தாவது சிக்னலை எடுப்பார். அறியாதவர் அந்த ஒன்றை விட்டுவிடுவார். ஆண்டின் மொத்த லாபமும் ஓரிரண்டு ட்ரேடில் வரும் முறையில், விட்ட அந்த ஒன்று எதுவாகவும் இருக்கலாம். 2022 இறுதியில் டன்னுக்கு 2,500 டாலரை ஒட்டியிருந்த கோகோ 2024 ஏப்ரலில் 11,000 டாலரைத் தாண்டியது. அதன் முதல் பிரேக்அவுட் (விலை பழைய எல்லையைத் தாண்டும் சிக்னல்) வந்தபோது, அதற்கு முன் வந்து பொய்த்துப்போன பிரேக்அவுட்களைவிட எந்த விதத்திலும் அது வேறாகத் தெரிந்திருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டுக்குச் சராசரி 7.5% வருமானமும் 15% ஏற்ற இறக்கமும் உள்ள ஒரு சிஸ்டம், சாதாரணப் புள்ளியியல் கணக்குப்படி, மூன்று ஆண்டு முடிவில் நஷ்டத்தில் நிற்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு! உங்கள் வகுப்புகளில் பல மூன்று மாதத்துக்கானவை.

நஷ்டம் மெல்ல மெல்லத்தான் வரும் என்ற எண்ணமும் மாணவர்களிடம் இருக்கிறது. 2023 மார்ச்சை ஒரு வகுப்பு முழுக்க நடத்திக் காட்டுங்கள். மார்ச் 8-ஆம் தேதி அமெரிக்க இரண்டாண்டுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம் 5 சதவீதத்துக்கு மேல் (விகிதம் ஏறினால் பத்திர விலை இறங்கும், விகிதம் இறங்கினால் விலை ஏறும்). டிரெண்ட் ஃபாலோயர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பக்கம், பத்திரங்களில் ஷார்ட். ஓராண்டுக்கு மேலாகப் பணம் கொடுத்த பொசிஷன் அது. மார்ச் 10-ஆம் தேதி சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. 13-ஆம் தேதி அந்த ஈட்டு விகிதம் 4% அருகே நின்றது. 1987-க்குப் பிறகு மூன்றே வர்த்தக நாளில் அப்படியொரு சரிவைச் சந்தை கண்டதில்லை. ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே கொடுத்துவைக்கும் ஆர்டர்) போட்டிருந்த இடத்துக்கும் அது நிறைவேறிய விலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஸ்டாப் லாஸ் இருக்கிறது, பயமில்லை என்ற வாக்கியத்தை அப்புறம் அவர்களே சொல்லமாட்டார்கள்.

டர்டில் கதையையும் முழுதாகச் சொல்லவேண்டும். 1983-இலும் 1984-இலும் ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்ஹார்ட் என்ற இரு ட்ரேடர்கள் அனுபவமில்லாதவர்களைக்கூடத் தேர்ந்தெடுத்து, டர்டில்கள் என்று பெயரிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். 20 நாள், 55 நாள் உச்சத்தையோ தாழ்வையோ விலை தாண்டும் பிரேக்அவுட். சந்தையின் தினசரி அசைவை வைத்துப் பொசிஷன் அளவு (ஒரு ட்ரேடில் எவ்வளவு போடுவது). பலர் பெரும் லாபம் ஈட்டினார்கள். இதுவரை எல்லா வகுப்பிலும் வருகிறது. பயிற்சி கொடுத்த டென்னிஸ் நிர்வகித்த பொது நிதிகள் சுமார் பாதி மதிப்பை இழந்து 1988-இல் ட்ரேடிங்கை நிறுத்தின என்பது ஏன் வருவதில்லை? 50% இழந்த கணக்கு பழைய நிலைக்கு வர 100% லாபம் வேண்டும். விதி எழுதியவருக்கே அது நடந்தது என்று தெரிந்தால் பொசிஷன் அளவைப் பற்றிய பாடம் மாணவர் மனதில் தானாகப் பதியும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. நீண்டகால ஆதாரத்தை ஒரு பொருளுக்குக் காட்டிவிட்டு, வேறு பொருளை விற்பது. மாஸ்கோவிட்ஸ், ஊய், பீடர்சன் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு 58 ஃபியூச்சர்ஸ், ஃபார்வர்ட் ஒப்பந்தங்களைப் பார்த்தது: பங்குக் குறியீடுகள், பத்திரங்கள், நாணயங்கள், சரக்குகள். ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை போக்கு தொடர்கிறது, அதற்குப் பிறகு ஓரளவு திரும்புகிறது என்பது அவர்கள் கண்டது. ஏக்யூஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஆய்வு இதை 1880 வரை பின்னோக்கிக் கொண்டுபோய், ஒவ்வொரு பத்தாண்டிலும் லாபம் இருந்ததாகக் காட்டியது. உங்கள் வகுப்புகளில் இந்த ஆய்வுகளின் பெயர் அடிபடுகிறது. ஆனால் மாணவர் கையில் நீங்கள் கொடுப்பது ஒரே ஒரு இண்டெக்ஸ், 15 நிமிட கேண்டில் (15 நிமிட விலை அசைவைக் காட்டும் பட்டை), இரண்டு மூவிங் ஆவரேஜ் (சராசரி விலைக் கோடு). அந்த நூறாண்டு ஆதாரத்தில் 15 நிமிட கேண்டில் எங்கே இருக்கிறது? மாதக்கணக்கில் ஓடும் போக்குக்கான சாட்சியத்தை மதியத்துக்குள் முடியும் ட்ரேடுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. சிறிய கால அளவில் ட்ரேட் எண்ணிக்கை கூடும், புரோக்கரேஜும் ஸ்லிப்பேஜும் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) கூடவே ஏறும், எதிர்பார்க்கும் லாபம் மட்டும் சுருங்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தவே பொருந்தாது. ஒரே சந்தையில் ஐந்தாறு ஆண்டுகள் எந்தப் போக்கும் இல்லாமல் போகலாம். பல சந்தைகளில் ஒரே நேரத்தில் இருப்பதால்தான், எண்ணெயில் வெட்டுப்பட்ட ஆண்டைக் கோகோவோ யென்னோ காப்பாற்றுகிறது. சிறு முதலீட்டாளரால் ஐம்பது சந்தைகளில் ட்ரேட் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் அதைச் சொல்லுங்கள்: உங்களால் ஐந்து சந்தைதான் முடியும், ஆகவே உங்கள் டிராடவுன் (உச்சத்திலிருந்து கணக்கு இறங்கும் அளவு) இன்னும் ஆழமாக, இன்னும் நீளமாக இருக்கும் என்று. பத்து மடங்கு ஏறிய பங்கின் சார்ட்டை ஏறிமுடித்த பிறகு எடுத்துவைத்து, இங்கே வாங்கியிருக்கலாம், இங்கே விற்றிருக்கலாம் என்று அம்புக்குறி போடுவது பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் விதிகளை ஓட்டிச் சோதிப்பது) ஆகாது.

டிரெண்ட் இனி வேலை செய்யாது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மனிதர்கள் செய்தியை மெதுவாக உள்வாங்குவதும், பிறகு கூட்டத்தோடு சேர்ந்து ஓடுவதும் மாறவில்லை. மத்திய வங்கிகள் வட்டியை ஒரே நாளில் மாற்றாமல் படிப்படியாக மாற்றுவதும் மாறவில்லை. 2018 இறுதியில் இந்த முறைக்கு இரங்கல் எழுதியவர்கள் நான்கே ஆண்டுகளில் 2022-ஐப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே நஷ்டம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதல் வகுப்பில், கட்டணம் வாங்கும் முன், நீங்கள் கற்பிக்கும் அதே சிஸ்டத்தின் மாதவாரி வருமான அட்டவணையை வையுங்கள், எந்த மாதத்தையும் விடாமல், செலவைக் கழித்த பிறகு. உங்கள் சொந்தக் கணக்கின் பதிவு இருந்தால் அது. இல்லையென்றால் பேக்டெஸ்ட் என்று பெரிய எழுத்தில் மேலே போட்டுவிட்டு. மிக ஆழமான டிராடவுன் எவ்வளவு, பழைய உச்சத்துக்குத் திரும்ப எத்தனை மாதம் ஆனது என்ற இரண்டு எண்களும் லாப சதவீதத்தின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். அந்த இரண்டையும் மாணவர் தன் கையாலேயே நோட்டில் எழுதட்டும். எழுதிய பிறகு எவ்வளவு பணம் போடலாம் என்று அவரே முடிவு செய்யட்டும். சேர்க்கை குறையும், எனக்குத் தெரியும். சேருகிறவர்கள் எட்டாவது நஷ்டத்தில் காணாமல் போகமாட்டார்கள்.

அடுத்த பேட்ச் தொடங்குவதற்கு முன் அந்த அட்டவணையை வெளியிடுங்கள். முதலில் வெளியிடுகிறவரின் வகுப்புக்கு, கேட்கிற எல்லோரையும் நானே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் முறையிலேயே ட்ரேட் செய்யும் ஒருவன்